தாரா, கான்கிரீட்டா? டெண்டரிலேயே முடிவாகும் சாலை

புதிதாக ஒரு நெடுஞ்சாலை வரப்போகிறது. நிலம் எடுத்தாயிற்று, அளந்தாயிற்று, எங்கே பாலம், எங்கே மதகு என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது. மேலே போடுவது தாரா, கான்கிரீட்டா?

வழக்கமாக இதை அரசுப் பொறியாளர்களே முன்கூட்டி முடிவு செய்துவிடுவார்கள். தார் என்று முடிவானால் தார்ச் சாலைக்கு மட்டும் டெண்டர் வரும். கான்கிரீட் சாலை போடும் கம்பெனிகளுக்கு அதில் வேலையே இல்லை. அமெரிக்காவில் சில மாநிலங்கள் இதை மாற்றிப் பார்த்தன. லூசியானாவும் மிசௌரியும் அதில் முன்னோடிகள். 2000-களின் முதல் பாதியிலேயே இந்த முறையைக் கையில் எடுத்தவை அவை. தாருக்கு ஒரு வடிவமைப்பு, கான்கிரீட்டுக்கு ஒரு வடிவமைப்பு, இரண்டையும் ஒரே டெண்டரில் வைத்துவிடுவார்கள். கான்ட்ராக்டர் தனக்கு எது தோதோ அதற்கு விலை போடலாம். எந்தச் சாலை என்பது டெண்டர் பெட்டியைத் திறக்கும்போதுதான் தெரியும். மாற்று டெண்டர் முறை என்று இதைச் சொல்லலாம்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இரண்டு வேறு பொருள்களுக்கு வந்த விலைகளை எப்படி ஒரே தராசில் வைப்பது? இந்த முறையின் உயிரே அந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் இரண்டு சாலைகளையும் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

நாம் தார் என்று சொல்வது இன்று பெரும்பாலும் பிட்டுமன்தான். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பெட்ரோல், டீசல் எல்லாம் பிரிந்துபோன பிறகு அடியில் தங்கும் கெட்டியான கறுப்புப் பொருள். அதைச் சூடாக்கி ஜல்லியோடும் மணலோடும் கலந்து, ஏறக்குறைய 150 டிகிரி சூட்டில் லாரியில் ஏற்றி, ஆறுவதற்குள் கொண்டுவந்து பரப்பி ரோலர் ஓட்டுவார்கள். ஆறிய கலவை ரோலருக்கு மசியாது. அதனால் கலவை ஆலை சாலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். போட்டு முடித்த சில மணி நேரத்தில் வண்டி விடலாம். பாரம் ஏறினால் லேசாக வளைந்து கொடுக்கும். ஜல்லி அடுக்குகள் ஒன்றின் கீழ் ஒன்றாக அந்தப் பாரத்தை வாங்கி மண்ணுக்கு அனுப்பும்.

கான்கிரீட் சாலையின் குணம் வேறு. ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் கனத்தில் விறைப்பான ஒரு பலகை. சக்கரத்தின் பாரத்தைத் தன் அகலம் முழுக்கப் பரப்பிவிடும். ஆனால் கான்கிரீட் இறுகும்போது சுருங்கும், சுருங்கினால் வெடிக்கும். வெடிப்பைத் தடுக்க முடியாது, எங்கே வெடிக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம். அதற்காகத்தான் கான்கிரீட் போட்ட சில மணி நேரத்துக்குள், நடுராத்திரி ஆனாலும் சரி, ரம்பத்தோடு ஆட்கள் இறங்குவார்கள். ஏறக்குறைய 15 அடிக்கு ஒரு கோடு, பலகையின் கனத்தில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ ஆழத்துக்கு. சீக்கிரம் அறுத்தால் ஓரம் உதிரும், தாமதித்தால் கான்கிரீட் தன் இஷ்டத்துக்கு வெடித்துவிடும். அந்தக் கோட்டுக்குக் கீழே, பலகையின் நடுக்கனத்தில், ஒன்றரை அடி நீள இரும்புக் கம்பிகள் அடிக்கு ஒன்றாகக் கிடக்கும். ஒரு பலகை மேல் ஏறும் லாரியின் பாரத்தில் பாதியை அடுத்த பலகைக்குக் கைமாற்றுவது அந்தக் கம்பிகளின் வேலை.

இந்த இரண்டு வேலைக்கும் இயந்திரங்கள் வேறு, ஆட்கள் வேறு, பல ஊர்களில் கம்பெனிகளே வேறு. அதனால்தான் தாருக்கு மட்டும் டெண்டர் விட்டால் கலவை ஆலை பக்கத்தில் வைத்திருக்கும் இரண்டொரு கம்பெனிகள் மட்டும் வரும். போட்டி இல்லாத டெண்டரில் விலை எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை. அதே வேலைக்குக் கான்கிரீட்காரர்களும் வரலாம் என்று தெரிந்தாலே தார்க் கம்பெனி தன் கணக்கை இன்னொரு முறை கூட்டிப் பார்க்கும். கடைசியில் தாரே ஜெயித்தாலும், அந்தப் பயத்தின் பலன் மக்கள் பணத்துக்குத்தான். என் பார்வையில் இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டிய முதல் காரணம் இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. பிட்டுமன் விலை கச்சா எண்ணெயோடு ஏறி இறங்கும். சிமெண்டின் ஏற்ற இறக்கத்துக்குக் காரணங்கள் வேறு. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலர் வரை போனது, அதே ஆண்டு முடிவதற்குள் 40 டாலருக்கும் கீழே வந்தது. ஒரு சாலையின் வரைபடத்துக்கும் டெண்டருக்கும் நடுவே இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். வரைபடம் போட்ட நாளில் தார்தான் மலிவு என்று எடுத்த முடிவு, டெண்டர் நாளில் தப்பாகப் போகலாம். கடைசி நாள் விலையைக் கான்ட்ராக்டர்தான் அறிவார். அமெரிக்க டெண்டர்களில் கடைசி மணி நேரத்தில்கூட சப்ளையர்களின் விலை போனில் வந்துகொண்டிருக்கும். அந்த விலையை வைத்து முடிவு எடுப்பது, இரண்டு வருடத்துக்கு முந்தைய மதிப்பீட்டை வைத்து எடுப்பதைவிட மேல்.

சரி, இப்போது தராசுக்கு வருவோம்.

இரண்டு சாலையும் 'சமம்' என்று சொன்னால்தான் விலையை ஒப்பிட முடியும். முதலில் வடிவமைப்பில் சமம் வேண்டும். இரண்டும் ஒரே போக்குவரத்தை, ஒரே மண்ணின் மேல், ஒரே தரத்தில் தாங்கும்படி கணக்கிட வேண்டும். இந்தக் கணக்குக்குப் பின்னால் சுவாரசியமான ஒரு சோதனை இருக்கிறது. இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா ஊர்ப்பக்கம் 1958 முதல் 1960 வரை, தாரிலும் கான்கிரீட்டிலும் விதவிதமான கனத்தில் சோதனைச் சாலைகளை வளையம் வளையமாகப் போட்டார்கள். ராணுவத்தினர் அதில் இரண்டு வருடம் லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். பதினோரு லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை அச்சுப் பாரம், அதாவது வண்டியின் ஒரு சக்கர அச்சு சுமக்கும் எடை, அந்தச் சாலைகள் மேல் ஏறி இறங்கியது. அதில் கிடைத்த பாடம், அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய பதினாறு மடங்கு என்பது. அதாவது சேதம் பாரத்தின் நான்காம் அடுக்கில் (2×2×2×2 = 16) கூடுகிறது. சாலையைத் தேய்ப்பது கார்கள் அல்ல, லாரிகள்தான் என்று பொறியாளர்கள் இன்றும் சொல்வது இதை வைத்துத்தான். தாருக்கு இத்தனை அங்குலம் போட்டால் கான்கிரீட்டுக்கு இத்தனை அங்குலம் என்று இரண்டையும் ஒரே லாரிக் கணக்கில் வைக்க முடிந்ததும் அந்தச் சோதனையின் வழியாகத்தான். இப்போது அதைவிட நுட்பமான கணக்கு முறைகள் வந்துவிட்டன.

ஆனால் வடிவமைப்பில் சமம் என்றாலும் வயதில் சமம் ஆகாது. தார்ச் சாலைக்கு இத்தனை வருடத்துக்கு ஒருமுறை மேல் அடுக்கை மில்லிங் மெஷினால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். கான்கிரீட்டுக்கு அப்படி அடிக்கடி கை வைக்கத் தேவையில்லை. ஆனால் கை வைக்கும் நாளில் உடைந்த பலகையை வெட்டி எடுப்பது, இணைப்புகளை அடைப்பது, மேற்பரப்பை வைரப்பல் தகடுகளால் சீவிச் சமன் செய்வது என்று வேலை இழுக்கும். ஆக, கட்டும் நாளின் விலையை மட்டும் பார்த்து எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவர், யார் என்று அறிவித்தால், வருங்காலச் செலவு அதிகமுள்ள சாலைக்கு அநியாயமாக ஒரு சலுகை கொடுத்தது போல் ஆகிவிடும்.

இதைச் சரிசெய்ய ஆயுட்காலச் செலவுக் கணக்கு போடுகிறார்கள். அமெரிக்க மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 1998-இல் வெளியிட்ட கையேடு, இந்தக் கணக்கைக் குறைந்தது 35 வருடத்துக்குப் போடச் சொல்கிறது. அந்தக் காலத்தில் வரப்போகும் செலவுகளை எல்லாம் இன்றைய மதிப்புக்கு மாற்றிக் கூட்ட வேண்டும். பதினைந்து வருடம் கழித்துக் கொடுக்க வேண்டிய 100 ரூபாய்க்காக இன்றே 100 ரூபாயை ஒதுக்க வேண்டியதில்லை, வட்டிக்குப் போட்டால் இன்று 64 ரூபாய் இருந்தாலே போதும். வட்டி 3 சதவீதம் என்றால் அவ்வளவுதான் வரும். இப்படி வருங்காலப் பணத்தை இன்றைக்குச் சுருக்கும் விகிதத்தைத் தள்ளுபடி விகிதம் என்பார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். எண்கள் நான் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை, எந்தச் சாலையுடையதும் அல்ல.

40 வருடக் கணக்கு. தார்ச் சாலைக்கு 15-ஆம் வருடமும் 30-ஆம் வருடமும் 30 லட்சம் டாலர் வீதம் மேல் அடுக்கு மாற்றும் செலவு. கான்கிரீட்டுக்கு 25-ஆம் வருடம் ஒரே தடவை 15 லட்சம் டாலர் பழுதுபார்ப்பு. 3 சதவீதத்தில் சுருக்கினால், தாரின் இரண்டு செலவும் இன்றைய மதிப்பில் 31.6 லட்சம். கான்கிரீட்டின் செலவு 7.2 லட்சம். வித்தியாசம் ஏறக்குறைய 24.5 லட்சம் டாலர். இந்த 24.5 லட்சம்தான் சரிக்கட்டும் தொகை. தாரில் விலை போடும் எவருடைய டெண்டரோடும் இதைக் கூட்டி ஒப்பிடுவோம் என்று டெண்டர் ஆவணத்திலேயே அறிவித்துவிட வேண்டும்.

டெண்டர் திறக்கும் நாள். தார்க் கம்பெனிகளில் குறைந்த விலை 2 கோடியே 4 லட்சம். கான்கிரீட்டில் குறைந்த விலை 2 கோடியே 23 லட்சம். சாதாரண டெண்டர் என்றால் பேச்சே இல்லை, வேலை தாருக்கு. இங்கே தாரோடு 24.5 லட்சத்தைக் கூட்டுகிறோம், 2 கோடியே 28.5 லட்சம் ஆகிறது. கான்கிரீட் ஜெயிக்கிறது. கான்ட்ராக்டருக்குக் கொடுக்கப்போவது அவர் கேட்ட 2 கோடியே 23 லட்சம்தான். கூட்டிய தொகை யாருக்கும் போவதில்லை, யாரிடமிருந்தும் பிடிப்பதும் இல்லை. தராசில் ஒரு பக்கம் வைத்த படிக்கல் அது, எடை பார்த்து முடித்ததும் எடுத்துவிடுவார்கள். புதிதாகப் படிப்பவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

அதே எண்களில் தள்ளுபடி விகிதத்தை மட்டும் 3-இலிருந்து 7 சதவீதமாக மாற்றுங்கள். சரிக்கட்டும் தொகை 12 லட்சமாகச் சுருங்கிவிடும். தார் 2 கோடியே 16 லட்சம் ஆகி ஜெயித்துவிடும். விகிதத்தைத் தொடாமல், தார்ச் சாலை 15 வருடத்துக்குப் பதில் 20 வருடம் தாங்கும் என்று வைத்தாலும் போதும். 40 வருடத்துக்குள் ஒரே ஒரு மேல் அடுக்குதான் வரும். 40-ஆம் வருடம் வருவது கணக்குக்கு வெளியே போய்விடும். தொகை ஒன்பதரை லட்சத்துக்கு இறங்கும், தாருக்கே வேலை. டெண்டர் விலையில் ஒரு டாலர்கூட மாறவில்லை, மேஜையில் உட்கார்ந்தவர் ஓர் எண்ணை மாற்றினார், அவ்வளவுதான்.

இங்கேதான் தார் உற்பத்தியாளர்களுக்கும் கான்கிரீட் உற்பத்தியாளர்களுக்கும் நடக்கும் வாக்குவாதம் எல்லாம். இன்றைய தார்ச் சாலைகள் முன்னைவிட நீடித்து உழைக்கின்றன, பழைய வருடக் கணக்கை எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்பது தார்த் தரப்பு. கான்கிரீட் சாலைகள் கணக்கு முடியும் 40-ஆம் வருடத்திலும் உயிரோடு இருக்கும், அந்த மீதி ஆயுளுக்கும் மதிப்பு போடுங்கள் என்பது கான்கிரீட் தரப்பு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் சரிக்கட்டும் தொகை எப்படி வந்தது என்பது, ஒவ்வொரு அனுமானத்தோடும், டெண்டர் திறப்பதற்கு முன்பே எல்லார் கண்ணிலும் பட வேண்டும். திறந்த பிறகு கணக்கு போட ஆரம்பித்தால், ஜெயித்தவரைப் பார்த்துவிட்டு எண்ணைத் தேடுகிறார்கள் என்ற சந்தேகத்தைத் துடைக்கவே முடியாது.

லூசியானாவின் சூத்திரம் இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே ஒப்பிடும் விலைக்கு மூன்று பகுதிகள். முதலாவது கான்ட்ராக்டர் கேட்கும் பணம். இரண்டாவது அவர் கேட்கும் நாட்கள், ஒரு நாளுக்கு இத்தனை டாலர் என்று பெருக்கி வரும் தொகை. மூன்றாவது நாம் பார்த்த ஆயுட்காலத் தொகை. நாளுக்கு எதற்கு விலை? சாலை வேலை நடக்கும் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான வண்டிகள் ஒற்றை வரிசையில் ஊர்கின்றன. டீசலும் நேரமும் வீணாகின்றன. அந்த நஷ்டம் அரசுக் கணக்குப் புத்தகத்தில் ஏறாது, ஆனால் மக்கள் அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதையும் எண்ணில் கொண்டுவந்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆரம்பத்தில் இந்த மாநிலங்கள் மத்திய அரசின் சிறப்புச் சோதனைத் திட்டம் எண் 14-இன் கீழ் அனுமதி வாங்கித்தான் இதைச் செய்தன. 1990-இல் தொடங்கிய அந்தத் திட்டம், வழக்கமான குறைந்த விலை டெண்டர் விதிகளிலிருந்து விலகிப் புது ஒப்பந்த முறைகளைப் பரீட்சித்துப் பார்க்க இடம் கொடுத்தது. பிறகு 2012-இல் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் இந்த முறைக்கென்றே ஒரு தொழில்நுட்ப அறிவுரையை வெளியிட்டது.

அந்த அறிவுரையில் புதிதாகப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம், எல்லாச் சாலைக்கும் இது பொருந்தாது என்பது. ஆயுட்காலச் செலவில் இரண்டு வகையும் ஏறக்குறைய சமமாக, சுமார் 10 சதவீத வித்தியாசத்துக்குள், இருந்தால்தான் டெண்டரில் மோதவிட வேண்டும். ஒன்று தெளிவாக மலிவு என்றால் அதையே எடுத்துக்கொள்ளலாம், இரண்டு வரைபடத்துக்குச் செலவழிப்பது வீண். ஏற்கெனவே இருக்கும் கான்கிரீட் சாலைக்குப் பக்கத்தில் ஒரு வழி மட்டும் கூட்டுவதாக இருந்தால் அங்கே தாரைப் போட்டி போட வைப்பதில் அர்த்தமில்லை, இரண்டும் சேரும் இடத்தில் தொல்லைதான் மிஞ்சும். ராத்திரி மூடிக் காலையில் திறந்தே ஆக வேண்டிய நகரச் சாலைக்கும், வெறும் மேல் அடுக்கு மாற்றும் வேலைக்கும் இது ஒத்துவராது. நீளமான புதுச் சாலையோ, அடியிலிருந்து முழுக்கத் தோண்டிப் புதுப்பிக்கும் சாலையோதான் இதற்கு ஏற்ற களம்.

இன்னொரு நுணுக்கம் விலை ஏற்றத்தைப் பற்றியது. பல மாநில ஒப்பந்தங்களில் வேலை நடக்கும்போது பிட்டுமன் விலை ஏறினால் அரசே வித்தியாசத்தை ஈடுகட்டும் பிரிவு இருக்கும். தனியாகத் தார்ச் சாலை போடும்போது அது நியாயம்தான், அந்தப் பயத்துக்கும் சேர்த்துக் கான்ட்ராக்டர் விலையை ஏற்றாமல் இருப்பார். ஆனால் மாற்று டெண்டரில் ஒரு தரப்புக்கு மட்டும் இந்தக் காப்பு இருந்து, சிமெண்ட் விலை ஏறினால் மறு தரப்பு தானே தாங்க வேண்டும் என்றால் தராசு சாய்ந்துவிடும். அதனால் இத்தகைய டெண்டர்களில் அந்தப் பிரிவைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

வரைபடம் தயாரிக்கும் அலுவலகத்துக்கு இதில் வேலை அதிகம் என்பதையும் மறைக்கக் கூடாது. தார்ச் சாலையும் கான்கிரீட் சாலையும் ஒரே கனத்தில் வராது. கனம் மாறினால் எவ்வளவு மண் தோண்ட வேண்டும், எவ்வளவு கொட்ட வேண்டும், வடிகால் எந்த மட்டத்தில் வரும், பாலத்தின் தொடக்கத்தில் சாலை எப்படிச் சேரும் என்று எல்லாமே இரண்டு தடவை. டெண்டர் பட்டியலில் பொது வேலைகள் ஒரு பகுதியாகவும், தார் வேலைகள் ஒரு பகுதியாகவும், கான்கிரீட் வேலைகள் இன்னொரு பகுதியாகவும் இருக்கும். கான்ட்ராக்டர் பொதுப் பகுதியையும் மற்ற இரண்டில் ஒன்றையும் மட்டும் நிரப்புவார். ஒரு மதகின் அளவு ஒரு பட்டியலில் விட்டுப்போனால்கூட ஒப்பீடு கெட்டுவிடும்.

இத்தனைக்கும் மேலே ஒரு வேலை, வேலை முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. 15-ஆம் வருடம் மேல் அடுக்கு மாற்ற வேண்டும் என்று எழுதினோமே, அந்தப் பதினைந்து எங்கிருந்து வந்தது? அந்த மாநிலத்தின் பழைய சாலைகள் உண்மையில் எந்த வருடம் பழுதாயின, எந்த வருடம் கை வைத்தோம், எவ்வளவு செலவானது என்ற பதிவேட்டிலிருந்துதான் அது வந்திருக்க வேண்டும். பக்கத்து மாநிலத்தின் எண்ணைக் கடன் வாங்கினால் அது வேறு மண், வேறு பனி, வேறு லாரி. 2000-களில் இந்த முறையில் போட்ட சாலைகள் முதல் பெரிய பழுதுபார்ப்பை எட்டும் வயது இப்போதுதான் வந்திருக்கிறது. டெண்டர் ஆவணத்தில் அன்று எழுதிய வருடத்துக்கும், மில்லிங் மெஷின் உண்மையில் சாலையில் இறங்கும் வருடத்துக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்பதை எழுதிவைத்தால், அடுத்த டெண்டரின் சரிக்கட்டும் தொகையை அதிலிருந்தே எடுக்கலாம்.